28 நாள் வேலை, ஒரு வருட விசா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனைவி தாய்லாந்துக்காரர், வீடு உடோன் தானியில். எனக்கு வயது 43, இந்திய பாஸ்போர்ட். வேலை கத்தார் பக்கம் கடலில் உள்ள எண்ணெய் ரிக்கில்: 28 நாள் கடல், 28 நாள் வீடு. திருமண அடிப்படையில் வாங்கிய ஒரு வருட எக்ஸ்டென்ஷன் (தாய்லாந்தில் தங்கும் அனுமதியின் நீட்டிப்பு) மார்ச்சில் முடிகிறது. போன வருடம் நீண்ட விடுப்பில் இருந்ததால் முடித்துவிட்டேன். இம்முறை அந்தத் தேதியில் கடலில் இருப்பேன். முன்னதாகவே விண்ணப்பம் போட்டால் நாள் குறையுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குறையாது. எப்போது போட்டாலும் புதிய வருடம் பழைய தேதியிலிருந்துதான் ஓடும். முடிவதற்கு 30 நாள் முன்பிருந்து வாங்குவார்கள். சில அலுவலகங்களில் 45 நாள். இதை இப்போதே கேட்டு வையுங்கள். ஏனென்றால் 30 நாள் என்றால் உங்களுக்கு வீட்டில் கிடைப்பது, மோசமான வருடத்தில், இரண்டே நாள். அது சனி ஞாயிறாகவும் அமையலாம். 45 என்றால் 17 நாளாவது தேறும்.

தேதி இடறுவது தற்செயல் இல்லை. உங்கள் சுற்று 56 நாள். ஆறு சுற்றுக்கு 336. வருடத்தில் 29 நாள் மிச்சம். அதனால் இந்த வருடம் வீட்டில் விழும் தேதி அடுத்த வருடம் அநேகமாகக் கடலில் விழும்.

உண்மையான முட்டுக்கட்டை வேறு. திருமண எக்ஸ்டென்ஷன் அன்றே கிடைக்காது. 'பரிசீலனையில்' என்று சுமார் 30 நாளுக்கு ஒரு ஸ்டாம்ப் குத்துவார்கள். அந்தத் தேதியில் மறுபடி போய் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்த முதல் நாளே போட்டாலும் 28-க்குள் 30 அடங்காது. ஆகவே ஒரு தடவை மட்டும் உங்கள் பேக்-டு-பேக் ஆளிடம் (நீங்கள் வீட்டில் இருக்கும்போது உங்கள் இடத்தில் வேலை பார்ப்பவர்) பேசி ஒரு வாரம் கூடுதலாக வாங்குங்கள். பல மாதம் முன்பே கேட்டால்தான் ஆள் மாறும் (க்ரூ சேஞ்ச்) பட்டியலில் ஏறும்.

பணத்தில் தவறுவதுதான் அதிகம். 4,00,000 பாட் உங்கள் பெயரில் மட்டும் உள்ள தாய்லாந்து வங்கிக் கணக்கில், விண்ணப்பிப்பதற்கு முன் இரண்டு மாதம் முழுக்க இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் 3,99,000 ஆனாலும் போச்சு. அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டைத் தொடாதீர்கள். செலவுக்கு வேறு கணக்கு. இரண்டு மாதம் என்பது உங்கள் 56 நாள் சுற்றைவிடச் சில நாள் அதிகம், எனவே முதல் நாளே விண்ணப்பிப்பதானால் முந்தைய லீவு தொடங்குவதற்கு முன்பே பணம் கணக்கில் இருக்க வேண்டும். விண்ணப்பம் போடுகிற அன்று காலையில் வங்கிக் கடிதமும், பாஸ்புக்கில் அன்றைய பதிவும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் 1,900 பாட்.

அனுமதி குத்தியதும் அங்கேயே ரீ-என்ட்ரி பெர்மிட் (வெளிநாடு போய்த் திரும்பினாலும் எக்ஸ்டென்ஷன் ரத்தாகாமல் காக்கும் அனுமதி) எடுத்துவிடுங்கள். ஒரு முறைக்கு 1,000, பல முறைக்கு 3,800 பாட். வருடத்தில் ஆறேழு தடவை கிளம்புகிறவருக்குப் பல முறைதான் சரி. பழைய பெர்மிட் பழைய எக்ஸ்டென்ஷனோடு செத்துவிடும். புதியது இல்லாமல் விமானம் ஏறினால் அந்த ஒரு வருடம் முழுக்க ரத்து.

90 நாள் ரிப்போர்ட்டைப் (தொடர்ந்து 90 நாள் தங்குபவர் முகவரியைத் தெரிவிப்பது) பற்றிக் கவலை வேண்டாம். வெளியே போய் வரும்போதெல்லாம் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். உங்களுக்கு அந்த நாள் வரவே வராது.

ஒன்று யோசியுங்கள். தொடர்ந்து 90 நாள் தங்காதவருக்கு எக்ஸ்டென்ஷன் எதற்கு? வெளிநாட்டிலிருந்து வாங்கும் ஒரு வருட மல்டிபிள் என்ட்ரி (பல முறை நுழையலாம்) நான்-ஓ விசாவில் (குடும்பம் போன்ற காரணங்களுக்கானது) ஒவ்வொரு நுழைவுக்கும் 90 நாள் தருகிறார்கள். பரிசீலனை ஸ்டாம்ப் கிடையாது, விசா முடியும்வரை ரீ-என்ட்ரி பெர்மிட்டும் வேண்டாம். எல்லாத் தூதரகமும் மல்டிபிள் தருவதில்லை, அதுதான் சிக்கல். கிடைத்தால் நான் அதையே எடுக்கச் சொல்வேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓய்வு அடிப்படையிலான எக்ஸ்டென்ஷன் என்ற வழியும் உண்டு, ஆனால் அதற்கு 8,00,000 பாட்.

திரும்பி வரும்போது, வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் அரைவல் கார்டு நிரப்ப வேண்டும் (2025 மே 1 முதல், இலவசம், காசு கேட்கும் தளங்கள் போலி). கவுன்டரில் ரீ-என்ட்ரி பெர்மிட் உள்ள பக்கத்தைத் திறந்தே நீட்டுங்கள். அதிகாரி கவனிக்காமல் சுற்றுலாப் பயணிக்குரிய நாட்களைக் குத்திவிடுவதுண்டு. ஸ்டாம்பில் உள்ள தேதி எக்ஸ்டென்ஷன் முடியும் தேதிதானா என்று பார்த்த பிறகே நகருங்கள். அங்கேயே திருத்தச் சொல்லலாம், உடோன் தானி போய்ச் சேர்ந்தபின் அது பெரிய அலைச்சல்.