'எல்லோருக்கும் ஏற்றது' என்று போட்டிருக்கும் நடைபாதையை நம்பி வயதான அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அந்த அறிவிப்புப் பலகையை மட்டும் நம்பி அல்ல.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி இருக்கிறது, ஏற்றம் இல்லாத கடலோரப் பாதையோ வயல்வெளிப் பாதையோ வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாத ஒன்றை நானே ஊகிக்கிறேன். "நான் எதற்கு, நீங்கள் போய் வாருங்கள்" என்று அவர் சொல்ல ஆரம்பித்திருப்பார். அது கால் வலியால் மட்டும் வருகிற பேச்சு அல்ல. தன்னால் மற்றவர்களுக்குத் தாமதமாகிறதே என்ற கூச்சமும் அதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இதைப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு இடது கால் கொஞ்சம் இழுக்கும். கைத்தடியோடு நடப்பார். தூரம் அதிகமென்றால் மடக்குகிற சக்கர நாற்காலியையும் எடுத்துக்கொள்வோம். குடும்பமாக ஒரு கடலோர நடைக்குப் போயிருந்தோம். மூன்று கிலோமீட்டர், ஒரு மணி நேரம், எளிது, எல்லா வயதினருக்கும் ஏற்றது என்று வாசலில் எழுதியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதில் எதுவும் பொய் இல்லை. தூரம் சரி, ஏற்றமும் கிடையாது. ஆனால் பாதி வழியில் மரப்பலகைப் பாதை தொடங்கியது. பலகைகளை நடக்கிற திசையிலேயே நீளவாக்கில் அடித்திருந்தார்கள். நாற்காலியின் சின்ன முன்சக்கரம் இரண்டு பலகைகளுக்கு நடுவே இறங்கிச் சிக்கிக்கொண்டது. பின்னால் இழுத்தால் வரவில்லை, முன்னால் தள்ளினால் அப்பா குப்புற விழுவார். கடைசியில் அவரை எழுப்பி நிற்கவைத்துத்தான் சக்கரத்தைப் பிடுங்கி எடுத்தோம். பலகையைக் குறுக்கே அடித்து, இடைவெளியை அரை அங்குலத்துக்குள் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதே மரம், அதே ஆணி, அதே கூலிதான்.

அதையும் கடந்தால் அடுத்தது ஒரு வளைவுக் கதவு. கால்நடைகள் தாண்டாமலிருக்க வைப்பார்களே, ஒருவர் உள்ளே நுழைந்து, ஒதுங்கி நின்று, கதவைத் திருப்பிவிட்டு வெளியே போவது, அந்த வகை. நாற்காலி நுழைய வழியே இல்லை. பின்னால் வந்த இரண்டு இளைஞர்கள், "தூக்கிவிடட்டுமா?" என்று என்னிடம் கேட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் உட்கார்ந்திருக்கிறவரிடம் கேட்கவில்லை. "நான் என்ன மூட்டையா?" என்றார் அப்பா, அவர்களைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. அண்ணன் தன் பங்குக்கு, "அப்பா இங்கேயே உட்காரட்டும், நாங்கள் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்" என்றான். உட்கார ஒரு பெஞ்சுகூட அங்கே இல்லை. நானும் அப்பாவும் திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு வெகு நாட்களுக்கு அவர் எங்கேயும் வர மறுத்துவிட்டார்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் கிளம்பும்: "காட்டுக்கும் கடலுக்கும் சிமெண்ட் பூசச் சொல்கிறீர்களா?" இல்லை, ஐயா. மலையுச்சிக்கு லிஃப்ட் கேட்கவில்லை. ஒரு பாதையில் என்ன இருக்கிறது என்பதை உள்ளபடி எழுதி வையுங்கள், போவதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத் தேசியப் பூங்காவில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வேலியைத் தாண்ட ஏறி இறங்கும் படிகள் இல்லாத பாதைகளாகப் பார்த்து, எல்லோருக்கும், பலருக்கும், சிலருக்கு என்று மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். சரிவு எவ்வளவு, தரை எப்படி என்பதை வைத்துப் பிரித்த தரம் அது. அதனால் பாதையும் கெட்டுப்போகவில்லை, மலையும் கரைந்துவிடவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தூரத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் தரையைக் கேளுங்கள். இறுகிய மண்ணும் தார்ச்சாலையும் நல்லது. உருளும் சரளைக்கல் முழங்காலுக்கு எமன். மணலில் நடந்தே தீரவேண்டுமென்றால் அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல்தான் கெட்டியாக இருக்கும், காய்ந்த மணலில் கால் புதையும். ஆனால் ஈர மணல் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும் என்பதை மறக்கக்கூடாது. ஒரே பக்கச் சாய்வில் நெடுநேரம் நடந்தால் அன்றிரவு இடுப்பு வலி நிச்சயம், சக்கர நாற்காலியோ கடலைப் பார்த்தே இழுத்துக்கொண்டு போகும். சரிவுக்கு ஒரு கணக்கு உண்டு: இருபது அடி நடந்தால் ஓரடி ஏறுவது வரை பெரும்பாலானோருக்குச் சிரமம் தெரியாது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்றால் நடுநடுவே சமதளம் வேண்டும், இல்லாவிட்டால் தள்ளுகிறவருக்கும் மூச்சு வாங்கும்.

கடலோரம் என்றால் ஓத நேரத்தையும், அதாவது கடல்நீர் ஏறி வடியும் நேரத்தையும் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம். காலையில் அகலமாகக் கிடந்த மணல், மதியம் திரும்பி வரும்போது தண்ணீருக்கு அடியில் இருக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் இன்னும் மேலே ஏறும். வேகமாக நடக்கிறவர்கள் ஓடித் தப்பித்துக்கொள்வார்கள், உங்கள் அம்மா ஓட முடியாது.

பலகையில் போட்டிருக்கும் நேரத்தை நான் பொருட்படுத்துவதே இல்லை. 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் ஒரு கணக்குச் சொன்னார்: மணிக்கு மூன்று மைல், இரண்டாயிரம் அடி ஏறினால் கூடுதலாக ஒரு மணி நேரம். நல்ல திடகாத்திரமான ஆட்களுக்கான கணக்கு அது. அம்மாவின் கணக்கை வீட்டுத் தெருவில் அவரோடு நடந்து நீங்களேதான் போடவேண்டும்.

சுற்றி வருகிற பாதையைவிடப் போன வழியே திரும்புகிற பாதை மேல். எந்த இடத்திலும் "போதும்" என்று திரும்பலாம். சுற்றுப்பாதையில் பாதி தாண்டிவிட்டால் முடித்தே ஆகவேண்டும். காற்று பலமாக இருந்தால், போகும்போது எதிர்காற்றாகவும் வரும்போது முதுகுக்காற்றாகவும் இருக்கும்படி தொடங்குங்கள். கழிப்பறை இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், திறந்திருக்குமா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, இது எந்தப் பலகையிலும் இருக்காது. முன்னால் போகிற கூட்டம் நின்று இளைப்பாறும். பின்னால் வருகிறவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "வந்துவிட்டாரா, சரி கிளம்பலாம்" என்று எழுந்துவிடும். ஆக, ஓய்வு தேவைப்படுகிற ஒரே ஆளுக்கு மட்டும் ஓய்வு கிடையாது. அப்பா இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார். நின்று, கைத்தடியால் ஏதாவது ஒரு செடியைக் காட்டி, "இது என்ன செடி?" என்பார். அவருக்குச் செடியில் துளியும் அக்கறை இல்லை. இப்போதெல்லாம் அவரை முன்னால் விட்டு நான் பின்னால் நடக்கிறேன், செடி ஆராய்ச்சி பாதியாகக் குறைந்துவிட்டது. ஆமாம், மீண்டும் வருகிறார். தட்டையான ஒரு கால்வாய்க் கரை, நான் முன்கூட்டியே தனியாக நடந்து பார்த்த பாதை. "நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று அவர் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு புலம்பலையும் கொட்டிவிடுகிறேன். கைத்தடியின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்குமே, அதை மட்டும் தனியாகக் கேட்டால் தடி விற்கிற கடைக்காரர்கள் பலர் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல் பார்க்கிறார்கள். "புதுத் தடியே வாங்கிக்கொள்ளுங்களேன்" என்கிறார்கள். செருப்பு வார் அறுந்தால் காலையா மாற்றுவார்கள்? அப்பாவின் கைக்குப் பழகிய தடி அது. அந்த மூடியின் அடியில் இருக்கும் வரிகள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டால், பாசி படிந்த ஈரப்பலகையில் தடி ஊன்றவே ஊன்றாது. உங்கள் அம்மாவும் கைத்தடி வைத்திருந்தால் இன்றைக்கே அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். வரி அழிந்திருந்தால், தடியின் அடிப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று அளந்துகொண்டு போய் மூடி வாங்குங்கள், கண்ணளவில் வாங்கினால் கழன்று விழும். இரண்டாக வாங்கி ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள்.