புழலில் இருக்கும் ஒடிசா நண்பருக்கு

சகோ, மணலியில் உங்களோடு வேலை பார்த்த ஒடிசா பையன் புழல் சிறையில் ரிமாண்டில் இருக்கிறார், தமிழும் தெரியாது, வக்கீலும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். உடனே 15100க்குப் போன் போடுங்கள். இலவச சட்ட உதவி எண் அது. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் தர வேண்டும், 1987-ல் வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒடியா தெரிந்த ஒருவர் வேண்டும் என்று தனியாக எழுதிக் கேளுங்கள். இந்தி போதும் என்று சட்ட உதவி தருபவர்களாகவே முடிவு செய்துவிடுவார்கள், விடாதீர்கள். வழக்கு என்னவென்றே புரியாமல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் பெரிய ஆபத்து.

அப்புறம், உள்ளே அவரிடம் சாதி கேட்டுக் கக்கூஸ் கழுவ விட்டார்கள் என்றீர்களே, மனசு கொதிக்கிறது. சிறையில் சாதி பார்த்து வேலை பிரிப்பது செல்லாது என்று 2024 அக்டோபர் 3 அன்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வக்கீலிடம் இதையும் சொல்லுங்கள். மனு போட்டுப் பார்க்கப் போகும்போது ஒடியா பேசும் நண்பர் யாரையாவது கூட்டிப் போங்கள்.