முப்பதாண்டுப் போரில் மதத்தைத் தாண்டி என்ன இருந்தது?

1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த மதச் சண்டைதானே, அதில் அரசியல் எங்கே வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கைடுகளில் ‘மதப் போர்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. இதே கேள்வியில் அடிபட்டவன் நான்.

பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு, இன்டர்னல் தேர்வு, 10 மதிப்பெண் கேள்வி. இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தேன். பிரான்ஸ் ஸ்வீடனுக்குப் பணம் கொடுத்தது என்று நான் எழுதிய வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘கத்தோலிக்க நாடு புராட்டஸ்டண்டுக்கு ஏன் உதவும்?’ என்று எழுதியிருந்தார் ஆசிரியர். 10க்கு 3. நூலகத்தில் இருந்த தடித்த ஐரோப்பிய வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். அவர் புத்தகத்தைக் கையில்கூட வாங்கவில்லை. “நோட்ஸ்ல இருக்கிறத எழுதுப்பா, போதும்” என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அன்றைக்கு முகம் சுட்டது இன்னும் நினைவிருக்கிறது.

சரி, ஏன் உதவியது? ஸ்பெயின், ஆஸ்திரியா, மிலான், இன்றைய பெல்ஜியப் பகுதி எல்லாம் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் கையில். பிரான்ஸுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்கள் எல்லைதான். அந்தப் பிடியைத் தளர்த்த பிரான்ஸ் மன்னரின் தலைமை அமைச்சர் கர்தினால் ரிஷ்லியூவுக்கு ஒரு படை வேண்டியிருந்தது. 1628இல் லா ரொஷேல் நகரை முற்றுகையிட்டுத் தன் நாட்டுப் புராட்டஸ்டண்டுகளைப் பணியவைத்தவர் அவர்தான். அதே மனிதர் 1631 ஜனவரியில் பார்வால்டே ஒப்பந்தம் மூலம் ஸ்வீடனின் லூத்தரன் (புராட்டஸ்டண்டுகளில் ஒரு பிரிவு) மன்னர் குஸ்டாவஸ் அடால்ஃபஸுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் தாலர் (வெள்ளி நாணயம்) தர ஒத்துக்கொண்டார். பதிலுக்கு ஸ்வீடன் 30,000 காலாட்படையும் 6,000 குதிரைப்படையும் வைத்திருக்க வேண்டும். 1635இல் பிரான்ஸே நேரடியாகக் கத்தோலிக்க ஸ்பெயின் மீது போர் தொடுத்தது.

தொடக்கத்திலேயே கணக்கு இப்படித்தான். ஜெர்மன் நாடுகளை உள்ளடக்கிய புனித ரோமப் பேரரசின் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு மொத்தம் 7. மூன்று கத்தோலிக்கப் பேராயர்களுடையவை. சாக்சனி, பிராண்டன்பர்க், பாலட்டினேட் மூன்றும் புராட்டஸ்டண்டுகளிடம். மீதி ஒன்று பொகீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) மன்னருடையது. 1619இல் பொகீமியர்கள் தங்கள் மன்னராக இருந்த ஹாப்ஸ்பர்க் குடும்பத்து ஃபெர்டினாண்டை நீக்கிவிட்டு பாலட்டினேட்டின் ஐந்தாம் ஃபிரடெரிக்கைக் கூப்பிட்டு முடிசூட்டினார்கள். அந்த முடி அவர் தலையில் நிலைத்திருந்தால் பெரும்பான்மை கைமாறியிருக்கும். ஹாப்ஸ்பர்க் விடுமா? இதில் லூத்தரனான சாக்சனி ஆட்சியாளர் யார் பக்கம் நின்றார் என்று பாருங்கள்: ஃபெர்டினாண்ட் பக்கம். லுசேஷியா பகுதி அவருக்குக் கிடைத்தது. கத்தோலிக்க பவேரியாவின் மாக்ஸிமிலியனும் சும்மா வரவில்லை. ஃபிரடெரிக்கின் வாக்குரிமை 1623இல் அவருக்குப் போனது.

‘அப்படியானால் மதம் வெறும் சாக்கா?’ என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. புராட்டஸ்டண்டுகள் வசம் போயிருந்த திருச்சபைச் சொத்துகளைத் திருப்பிக் கேட்டு 1629இல் பேரரசராக இருந்த ஃபெர்டினாண்ட் போட்ட ஆணையில் அவருடைய பக்தி உண்மையானது. 1631 மே மாதம் பேரரசரின் படை புகுந்து புராட்டஸ்டண்ட் நகரமான மக்டேபர்க் எரிந்தபோது சுமார் 20,000 பேர் செத்தார்கள்; அவர்களுடைய நம்பிக்கையைச் சாக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் போர் 30 வருஷம் இழுத்ததற்கு அந்த நம்பிக்கை மட்டும் காரணம் இல்லை. 1643இல் லூத்தரன் ஸ்வீடன் லூத்தரன் டென்மார்க்குக்குள் படையோடு நுழைந்ததே, அதில் எந்த மதத்தைக் காப்பாற்றினார்கள்? பால்டிக் கடலின் ஆதிக்கம்தான் பிரச்சினை. அப்போது டென்மார்க்கை ஆண்ட நான்காம் கிறிஸ்டியன் காலத்தில்தான் நம் தரங்கம்பாடிக் கோட்டையும் 1620இல் கட்டத் தொடங்கினார்கள். அங்கே சுற்றுலா போகிறவர்கள் இதையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

கேட்காததைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத் தேர்வுக்காவது பணம் கட்டி மறுமதிப்பீடு கேட்கலாம். எங்கள் கல்லூரியில் இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை. ஒருவர் நோட்ஸில் இல்லை என்பதற்காகச் சரியான வரியை அடித்தால் அடித்ததுதான். எங்கள் வகுப்பில் அதற்குப் பிறகு யாரும் நோட்ஸுக்கு வெளியே ஒரு வரி எழுதவில்லை, நானும்தான். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

உங்களுக்கு 5 மதிப்பெண் கேள்வியாக வந்தால் பார்வால்டேயையும் சாக்சனியையும் விடாமல் எழுதுங்கள். ஆண்டையும் போடுங்கள். திருத்துகிறவர் சந்தேகப்பட்டாலும் தேடிப் பார்க்க ஒரு வழி இருக்கும். இடம் மிச்சமிருந்தால் அந்த 7 வாக்குக் கணக்கையும் சேருங்கள்.