கையெழுத்துப் போட்ட ஃபார்ம் புரோக்கர் பையில் இருந்தால் போதுமா?

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை, ஊர் திருச்சி. 2016 மாடல் ஹோண்டா சிட்டி, பெட்ரோல், மேனுவல் கியர், 74,000 கி.மீ. ஓடிய வண்டி, புரோக்கர் மூலம் 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வந்திருக்கிறது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் சென்னையில் இருக்கிறாராம், நாங்கள் பார்த்ததில்லை. அவர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29, 30 புரோக்கரிடம் தயாராக இருக்கிறது. கார் கடன் முடிந்துவிட்டது என்கிறார், ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கிறது. “பேர் மாத்துறதை ஆறு மாசம் கழிச்சு நிதானமா பண்ணிக்கலாம், இன்சூரன்ஸ் மார்ச் வரைக்கும் இருக்கு” என்கிறார். வாங்கலாமா?

பதில்: வண்டி நன்றாகவே இருக்கலாம். வாங்கச் சொல்லும் விதம்தான் கோணல். ஆர்.சி.யில் பெயர் உள்ள மனிதரை நேரில் பார்க்கும்வரை டோக்கன் அட்வான்ஸ் என்று ஐந்தாயிரம்கூடக் கொடுக்காதீர்கள்.

அந்த ஃபார்ம்களை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். ஃபார்ம் 29 என்பது, வண்டியை இன்னாருக்கு இந்தத் தேதியில் விற்றுவிட்டேன் என்று விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுக்கும் அறிவிப்பு. ஃபார்ம் 30 பெயர் மாற்ற விண்ணப்பம். புரோக்கர் பையில் இருக்கும் தாளில் அடியில் கையெழுத்து மட்டும் இருக்கும். ‘இன்னாருக்கு’ என்ற இடம் காலி, தேதியும் காலி. அதில் உங்கள் பெயரையும் எழுதலாம், நாளைக்கு இன்னும் பத்தாயிரம் சேர்த்துத் தருகிறவர் பெயரையும் எழுதலாம்.

புரோக்கர் ஏன் இப்படிச் செய்கிறார்? பல நேரம் அவரே காரை மொத்தமாகப் பணம் கொடுத்து வாங்கி வைத்திருப்பார். தன் பெயருக்கு மாற்றினால் ஓனர் எண்ணிக்கை ஒன்று ஏறும், விலை இறங்கும். அதனால் ஆர்.சி.யில் தடயமே இல்லாமல் நடுவில் நிற்கிறார். பழைய வண்டி வியாபாரிகளுக்கென்றே 2023 ஏப்ரலில் மத்திய விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது ஃபார்ம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும். அதன்பின் அந்த வண்டிக்கு டீலர்தான் பொறுப்பு. விதி நல்ல விதிதான். ஆனால் தெருமுனையில் கார் நிறுத்தி விற்பவரிடம் போய் “அங்கீகாரம் இருக்கா?” என்று யார் கேட்கிறார்கள்? நீங்கள் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், அவர் இந்த வியாபாரத்தில் கமிஷன்காரர் மட்டுமே. உங்கள் பணம் அவர் கைக்குப் போகவே கூடாது.

அடுத்து அந்த ஆறு மாதம். மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 50-இன்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாமல் ஓடும் வண்டி யாரையாவது மோதினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் முதல் அடி விற்றவருக்குத்தான். அப்படியிருந்தும் அவர் சம்மதிக்கிறார் என்றால் அவருக்கு விஷயம் தெரியாது. இல்லையென்றால் வண்டி இப்போது யார் கையில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு: அவர் உயிரோடு இல்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அப்பா போனபின் வீட்டில் ஓட்ட ஆளில்லாமல் நிற்கும் செடான் கார்கள் சந்தைக்கு நிறையவே வருகின்றன. முறைப்படி செய்வதென்றால், உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் குடும்பத்தார் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொன்னால் மூன்று மாதம் வரை வண்டியை ஓட்டலாம். அதற்குள் ஃபார்ம் 31-இல் விண்ணப்பித்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ் வேண்டும், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும், அது கைக்கு வருவதற்குள் காரின் பேட்டரியே செத்துவிடும். அதனால்தான் குறுக்கு வழி: அப்பா ‘முன்பே போட்டு வைத்த’ கையெழுத்து என்று ஒரு ஃபார்ம் முளைக்கிறது. அவருடைய சிம் கார்டு மகன் போனில் இருக்கும், பெயர் மாற்றத்துக்கான ஓ.டி.பி.யும் அதில் வந்து சேரும். இறந்தவரா இருப்பவரா என்று ஓ.டி.பி.க்குத் தெரியாது. ஆர்.டி.ஓ.வில் வேலை முடிந்துவிட்டதாகவே தோன்றும். கல்யாணமாகிப் போன மகள் ஒருத்தி, தன்னைக் கேட்காமல் அப்பா காரை விற்றுவிட்டார்கள் என்று காவல் நிலையம் போகும் நாளில்தான், இறந்த தேதிக்குப் பிந்தைய கையெழுத்து என்ற விஷயம் வெளியே வரும். அப்போது போலி ஆவண வழக்கில் ‘வாங்கியவர்’ என்ற கட்டத்தில் இருப்பது உங்கள் பெயர். கார் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும்.

ஆர்.சி.யில் நாமினி சேர்க்க 2021-இல் வழி செய்தார்கள். 2016 வண்டியில் அது இருக்க வாய்ப்பு குறைவு. ஆகவே புரோக்கரிடம் முதல் கேள்வியாகவே கேளுங்கள்: “ஓனர் இருக்காரா?” இல்லை என்றால், முதலில் வாரிசு பெயருக்கு மாறட்டும், அப்புறம் அவரிடமிருந்து நீங்கள் வாங்குங்கள். ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடும் என்பார்கள். கூடட்டும், அதற்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இருக்கிறார் என்றால் சென்னைக்கு ஒரு நடை போய் வாருங்கள். அல்லது அவரைத் திருச்சிக்கு வரச் சொல்லுங்கள். ஆதார், பான், ஆர்.சி. மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். ஃபார்மில் உங்கள் பெயர், தேதி எல்லாம் நிரப்பிய பிறகு உங்கள் கண் முன்னால் கையெழுத்துப் போடட்டும். புரோக்கர் பையில் இருந்த பழைய ஃபார்மை வாங்கிக் கிழித்துவிடுங்கள்.

வங்கிப் பெயர் விஷயம். கடன் முடிந்தது என்பது வேறு, ஆர்.சி.யில் எச்.பி., அதாவது வங்கியின் அடமானக் குறிப்பு, நீங்குவது வேறு. வங்கி தரும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), அடமானம் முடிந்ததாக அறிவிக்கும் ஃபார்ம் 35-உம் வேண்டும். என்.ஓ.சி.க்குப் பெரும்பாலும் மூன்று மாதக் கெடு போட்டிருப்பார்கள். பழைய தாள் காலாவதியாகியிருந்தால் புதிதாக வாங்க வேண்டும். கார் கடன் முடிந்தும், அதே வங்கியில் கிரெடிட் கார்டு பாக்கியோ தனிநபர் கடனோ இருந்தால் என்.ஓ.சி.யைப் பிடித்து வைப்பதும் நடக்கிறது. ‘முடிஞ்சாச்சு’ என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பே இல்லை. என்.ஓ.சி.யில் உள்ள கடன் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் எடுத்துக்கொண்டு கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எச்.பி. நீக்கத்தையும் பெயர் மாற்றத்தையும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம்.

வாகனப் பதிவு வேலைகளுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. போவது வண்டியோடு பதிவான செல்போன் எண்ணுக்கு. அது யாருடைய எண் என்று பணம் கொடுப்பதற்கு முன்பே சோதியுங்கள். புது வண்டி பதியும்போது ஷோரூம் ஆளின் நம்பரைப் போட்டுவிட்டிருப்பார்கள், பத்து வருடம் கழித்து அந்த ஆள் எங்கே என்று தெரியாது. அப்படியென்றால் உரிமையாளர் தன் எண்ணை முதலில் திருத்த வேண்டும். இத்தனையும் ஆன்லைனில் செய்து, பணத்தையும் ஆன்லைனில் கட்டி, அதையே அச்செடுத்துக்கொண்டு போய் ஆர்.டி.ஓ. வாசலில் வரிசையில் நிற்பதுதான் நம் ஊர் ஆன்லைன். மத்திய விதிப்படி காருக்குப் பெயர் மாற்றக் கட்டணம் 300 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200. மாநிலச் சேவைக் கட்டணம் தனி. வாசலில் நிற்பவர் கேட்கும் ஆயிரங்கள் எதற்கு என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். அதே தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அபராத பாக்கியையும் பார்த்துவிடுங்கள்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. காலையில் போங்கள். போவதாக முன்கூட்டியே சொல்லாதீர்கள். பானட்டில் கை வைத்துப் பார்த்து, எஞ்சின் குளிர்ந்திருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். இந்த எஞ்சினில் டாப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்) இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும். சூடான பிறகும் டிக் டிக் சத்தம் போகவில்லை என்றால் அந்த வேலையை யாரும் செய்யவில்லை. இது தரையோடு ஒட்டிய வண்டி, தரை இடைவெளி 165 மி.மீ. தான். மெக்கானிக்கிடம் சொல்லித் தூக்கி, அடிப்பக்கம் வேகத்தடையில் இடித்த காயம் இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னை வண்டி என்பதால் வெள்ளச் சோதனை கட்டாயம். 2023 மிக்ஜாம் புயல் மூழ்கடித்த கார்கள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தன. சீட் கழுவலாம், கார்பெட் மாற்றலாம். சீட் பெல்ட்டை யாரும் கவனிப்பதில்லை. பெல்ட்டை முழுக்க இழுத்து, சுருள் நிற்கும் இடம் வரை பாருங்கள். வண்டி மூழ்கியிருந்தால் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு தெரியும். சீட்டை முன்னே தள்ளி, அது நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி டயரைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

74,000 உண்மையா என்று தெரிய, வண்டி எண்ணைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் வரலாறு கேட்கச் சொல்லுங்கள். உரிமையாளர் கேட்டால் கொடுப்பார்கள். ஏர்பேக் இன்ஃப்ளேட்டர், ஃப்யூயல் பம்ப் என்று ஹோண்டா சில ஆண்டு மாடல்களைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றித் தந்தது. இந்த வண்டிக்கு பாக்கி இருக்கிறதா என்பதைச் சேஸிஸ் எண் வைத்து அங்கேயே சொல்லிவிடுவார்கள். இன்சூரன்ஸ் தாளில் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ (க்ளெய்ம் வாங்காததற்கான தள்ளுபடி) கட்டத்தையும் பாருங்கள். பூஜ்யம் என்றால் முந்தைய வருடம் க்ளெய்ம் வாங்கியிருக்கலாம், எதற்கு என்று கேளுங்கள்.  

பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தவறு. ஆர்.டி.ஓ. ஒப்புகைச் சீட்டு வரும்வரை ஒரு இருபதாயிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் வரை இன்சூரன்ஸ் இருக்கிறது என்பது பாதி உண்மை. மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு வரும். உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு தானாக வராது, 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பும் ஆர்.சி.யில் பெயர் இருந்தால்தான் உங்களுக்குச் செல்லும். பழையவரின் போனஸ் தள்ளுபடி அவருடையது, அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

புரோக்கர் கமிஷனை ஆர்.சி. கார்டு வந்த பிறகு கொடுங்கள். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து ஆர்.சி. விரைவுத் தபாலில்தான் வருகிறது. “நானே ஆபீஸ்ல வாங்கிட்டு வந்து தர்றேன்” என்று அவர் சொன்னால், விண்ணப்பத்தில் எந்த விலாசம் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.