கடன் பத்திரத்தில் கையெழுத்திட எத்தனை பிரெஞ்சுச் சொற்கள் தெரிய வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 31. வெள்ளவத்தையில் பெற்றோருடன் இருக்கிறேன். கணவர் பாரிசுக்கு அருகே லா கூர்நெவ்வில் வசிக்கிறார். எனக்கு விசா கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் பயணம். கணவர் அங்கே ஒரு மாடிவீட்டுக்கு விலை பேசி முடித்திருக்கிறார். வீடும் வங்கிக் கடனும் இருவர் பெயரிலும் என்பதால், கையெழுத்துகள் எல்லாம் நான் போய்ச் சேர்ந்த பிறகுதான். என் பிரெஞ்சோ ஏ1, அதாவது தொடக்க மட்டம். இங்கே ஒருவர் ‘வங்கிப் பிரெஞ்சு’ என்று ஆறு வாரத்தில் 600 சொற்கள் கற்பிக்கிறார்; 45,000 ரூபாயையும் முதல் நாளே கட்ட வேண்டும். பாரிசின் லாச்சப்பல் பகுதியில் உள்ள கணவரின் நண்பரோ, “தங்கச்சி ஒன்றும் படிக்கத் தேவையில்லை, கடனை நானே எடுத்துத் தருகிறேன்” என்று 1,500 யூரோ முன்பணம் கேட்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: இரண்டு பேருக்கும் காசு கொடுக்க வேண்டாம். வகுப்புக்காரராவது சொல் விற்கிறார். மற்றவர் விற்பது எதை என்பதைப் பிறகு பார்ப்போம்.

600 சொற்கள் எதற்கு, பிள்ளை? ஒரு சாதாரண வீட்டுக் கடன் ஒப்பந்தத்தில் உங்கள் பணப்பையைத் தொடும் பெயர்ச்சொற்கள் இருபதோ முப்பதோதான். அவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வங்கி மாறினாலும் அவை மாறுவதில்லை, ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு போகலாம். ஆளைக் கவிழ்ப்பவை அவற்றுக்கு இடையில் வரும் சிறிய சொற்கள். ‘சான்’ என்றால் இல்லாமல். ‘சோஃப்’ என்றால் தவிர. ‘ஓர்’ என்றால் நீங்கலாக. ‘இ கொம்ப்ரி’ என்றால் உட்பட. ‘ஆ கொந்தே த’ என்றால் இந்தத் திகதியிலிருந்து. ‘ஓ ப்ளூ தார்’ என்றால் இதற்குப் பிந்தாமல். கொழும்பில் எந்தப் பாடத்திட்டமும் இவற்றை ஒரு நாள் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. காப்பிக் கடையில் குரோசான் கேட்கவும், கோடை விடுமுறையைப் பற்றி எட்டு வரி எழுதவும் பழக்கி, சான்றிதழையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சான்றிதழுடன் போய் உட்காரும் பிள்ளையின் முன் வங்கிக்காரர் நாற்பது பக்கத்தைத் தள்ளி வைக்கிறார்.

ஓர் உதாரணம் பாருங்கள். 200,000 யூரோ கடன், 25 ஆண்டுகள், வட்டி 3.5 வீதம் என்று வைத்துக்கொள்வோம். தாளில் ‘மான்சுவலித்தே ஓர் அசுரான்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் 1,001 யூரோ என்று தடித்த எழுத்தில் இருக்கும். மான்சுவலித்தே மாதத் தவணை, அசுரான்ஸ் காப்புறுதி. நடுவில் நிற்கும் அந்த ‘ஓர்’ நம்முடைய ‘ஓர்’ போலவே ஒலித்தாலும், ‘காப்புறுதி நீங்கலாக’ என்று சொல்கிறது. இருவரும் முழுத் தொகைக்கும் காப்புறுதி எடுத்து, ஆளுக்கு ஆண்டுக்கு 0.30 வீதம் என்றால் மாதம் இன்னும் 100 யூரோ சேரும். 25 ஆண்டுகளில் 30,000 யூரோ. கணவர் தொலைபேசியில் “மாதம் ஆயிரம்தான்” என்று சொல்லியிருந்தால் அவர் எந்த வரியைப் பார்த்துச் சொன்னார் என்று கேளுங்கள். இரண்டு வங்கிகளை ஒப்பிடுவதற்கும் வெறும் வட்டி வீதத்தைப் பார்க்காதீர்கள். ‘தே-ஆ-எ-ஜே’ என்று நான்கு எழுத்தில் ஒரு வீதம் இருக்கும். வங்கி கட்டாயப்படுத்தும் காப்புறுதி, கோப்புக் கட்டணம், உத்தரவாதச் செலவு எல்லாம் அதற்குள் அடங்கும். விற்பனை உறுதியை எழுதும் நொத்தாரிசுக்கான செலவு மட்டும் அடங்காது. பழைய வீடென்றால் அது விலையில் 7 முதல் 8 வீதம் வரை வரும், பெரும்பகுதி வரிதான். பொதுவாக அதைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும்.

இனிக் கையெழுத்து வரிசை. முதலில் வருவது ‘கொம்ப்ரோமி த வாந்து’, அதாவது விற்பனை உடன்படிக்கை. விலையில் 5 முதல் 10 வீதம் வரை வைப்புப் பணம் கேட்பார்கள். கையெழுத்திட்ட பின் காரணம் சொல்லாமல் விலக உங்களுக்கு 10 நாட்கள் உண்டு. 2015 வரை இது 7 நாட்களாக இருந்தது. உடன்படிக்கைப் பிரதி பதிவுத் தபாலில் வந்தால், தபால்காரர் அதை முதலில் கொண்டுவந்த நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். ‘ரெத்ராக்தாசியோன்’ என்ற சொல் இருக்கும் பத்தியில் இதைக் காணலாம்.

அதே உடன்படிக்கையில் ‘கொந்திசியோன் சுஸ்பான்சிவ்’ என்றொரு பத்தி. கடன் கிடைக்காவிட்டால் விற்பனை கலையும், வைப்புப் பணம் முழுவதும் திரும்ப வரும் என்பதே அதன் பொருள். 1979ஆம் ஆண்டுச் சட்டம் வாங்குபவருக்குக் கொடுத்த காவல் இது. கடன் தேட ஒரு மாதத்துக்குக் குறைவாக அவகாசம் வைக்க முடியாது. எந்தத் தொகைக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்த வட்டிக்கு மேற்படாமல் என்றும் அதில் எழுதியிருக்கும். எழுதியதைவிடப் பெரிய கடனைக் கேட்டு வங்கி மறுத்தால், அந்த மறுப்பு உங்களைக் காப்பாற்றாது.

இந்தக் காவலுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை நான் சற்று நீட்டியே சொல்லப் போகிறேன். நம்மவர்கள் விழுவது அங்கேதான்.

வீட்டைக் கடன் இல்லாமல் வாங்குகிறேன் என்று சொன்னால் அந்தப் பத்தியே உடன்படிக்கையில் வராது. அப்படிச் சொல்பவர், “நான் பின்னர் கடன் எடுத்தால் இந்தச் சட்டப் பாதுகாப்பைக் கோர முடியாது என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது” என்ற கருத்துள்ள வாசகத்தைத் தன் கையாலேயே பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும். அச்சில் இருந்தால் போதாது, கைப்பட எழுத வேண்டும் என்று சட்டம் வைத்ததன் நோக்கம், எழுதுபவர் நின்று யோசிக்கட்டும் என்பது. நடப்பது என்ன? இரண்டு மூன்று பேர் ஒரே வீட்டைக் கேட்கிறார்கள். விற்பவருக்குக் கடன் தொல்லை இல்லாத ஆள்தான் பிடிக்கும். உடனே தரகர் காதுக்குள் சொல்கிறார்: “கடன் இல்லை என்று எழுதுங்கள், வீடு உங்களுக்கு. பிறகு வங்கிக்குப் போகலாம், யார் கேட்கப் போகிறார்கள்?” ஒரு மாதிரித் தாளையும் நீட்டுகிறார். மொழி தெரியாதவர் அதை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுகிறார், கோலப் புத்தகத்தைப் பார்த்துப் புள்ளி வைப்பது போல. பிறகு சீட்டுக் காசு வருவதாகச் சொன்னவர் கைவிரிக்கிறார், வங்கியும் மறுக்கிறது, வைப்புப் பணம் விற்பவரிடம் போகிறது. எழுதிய கை யாருடையது என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை.

மாமா கைமாற்றுத் தருகிறார், சீட்டு எடுக்கிறோம், யாழ்ப்பாணத்துக் காணி விலைப்படும் என்று ஆயிரம் நம்பிக்கை இருக்கலாம். வங்கியில் ஒரு யூரோவாவது கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் அந்த வாசகத்தை எழுதாதீர்கள். உங்கள் கையில் பேனையைக் கொடுத்து எதையாவது பார்த்து எழுதச் சொன்னால், அதில் ‘ப்ரே’ என்ற சொல்லும் அதன் முன்னால் ‘சான்’ என்ற சொல்லும் இருக்கிறதா என்று தேடுங்கள். ப்ரே என்றால் கடன். இரண்டும் சேர்ந்திருந்தால் பேனையைக் கீழே வையுங்கள்.

அடுத்தது ‘ஒஃப்ர் த ப்ரே’, வங்கியின் கடன் முன்மொழிவு. இது கைக்கு வந்த பின் 10 நாட்கள் நீங்கள் சம்மதிக்கவே முடியாது. 11ஆம் நாளிலிருந்துதான் முடியும். முன்மொழிவோ குறைந்தது 30 நாட்கள் செல்லும். ஆகவே அவசரம் என்று யாராவது சொன்னால் அது அவருடைய அவசரம். பெறுகைச் சீட்டில் ‘ரெசு ல’ என்று எழுதி ஒரு வெற்றுக் கோடு இருக்கும். பெற்ற திகதியை அங்கே நீங்களே எழுதுங்கள். “வெறுமையாக விட்டுக் கையெழுத்தை மட்டும் போடுங்கள், நாங்கள் நிரப்புகிறோம்” என்று சொல்பவர் முந்தைய திகதியைப் போட்டு அந்தப் பத்து நாட்களைத்தான் விழுங்கப் போகிறார்.

உங்களைக் ‘கோ-ஆம்ப்ரன்தர்’ என்று குறித்திருப்பார்கள், இணைக் கடனாளி. பக்கத்தில் ‘சொலிதேர்மான்’ இருந்தால் பாதிக் கடன் உங்களுக்கு, பாதி அவருக்கு என்று எண்ணாதீர்கள். முழுக் கடனையும் வங்கி உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். பிரிந்தாலும் கேட்கும். கடனில் பெயர் இருப்பதால் வீட்டில் பங்கு வந்துவிடாது. விற்பனை உறுதியில் வாங்குபவராக உங்கள் பெயர் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ‘ரெஜீம் மத்ரிமொனியால்’ என்றும் கேட்பார்கள், திருமணச் சொத்துமுறை. பிரெஞ்சு முறையில் ஒப்பந்தமின்றி மணந்தவர்களுக்குத் திருமணத்தின் பின் தேடியது இருவருக்கும் பொது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தின் ‘தேடிய தேட்டம்’ கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் எந்த நாட்டு முறை உங்களுக்குப் பொருந்தும் என்பதை நொத்தாரிசு தீர்மானிக்க வேண்டும். திருமணத்துக்குப் பின் இருவரும் முதலில் எந்த நாட்டில் சேர்ந்து குடியிருந்தீர்கள் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். ‘வழமையானதைப் போடுங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

வங்கிக்கான பிணை இரண்டு விதம். ‘இப்பொதேக்’ நம்முடைய ஈடு. ‘கோசியோன்’ என்றால் ஒரு நிறுவனம் வங்கிக்குப் பொறுப்பு நிற்கும். நீங்கள் கட்டத் தவறினால் வங்கிக்குக் கட்டிவிட்டு உங்களைத் தேடி வரும்.

இப்போது லாச்சப்பல் நண்பர். கடன் பிடித்துத் தருபவருக்குப் பிரான்சில் பெயர் ‘கூர்த்தியே’. அது முறையான தொழில். ‘ஓரியாஸ்’ என்ற பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பதிவு இருந்தாலும், கடன் பணம் கிடைக்கும் முன் கடனாளியிடம் எந்தப் பெயரிலும் காசு கேட்க முடியாது. நுகர்வோர் சட்டம் இதைத் தெளிவாகத் தடுக்கிறது. முன்பணமும் இல்லை, ‘கோப்புச் செலவு’ம் இல்லை, ‘உள்ளே இருக்கும் ஆளுக்கு’ம் இல்லை. 1,500 யூரோ கேட்ட அந்த வாயாலேயே தான் யார் என்பதை அவர் சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்டவர்கள் முன்பணத்தோடு நிற்பதும் இல்லை. வங்கிகள் கடன் தவணைகளை வருமானத்தின் 35 வீதத்துக்குள், காப்புறுதியும் சேர்த்து, வைக்க வேண்டும். 2022 முதல் இது கட்டாயம். மேலே சொன்ன கணக்கில் 1,101 யூரோ தவணைக்கு மாத வருமானம் ஏறத்தாழ 3,150 யூரோ வேண்டும். உங்கள் வருமானம் இன்னும் தொடங்கவில்லை, கணவருடையது போதவில்லை என்றால், ‘ஃபீஷ் த பே’யை, அதாவது சம்பளச் சீட்டை, ‘சரிசெய்து’ தருவதாகச் சொல்வார்கள். பொய் ஆவணத்துக்குத் தண்டனை 3 ஆண்டு சிறையும் 45,000 யூரோ அபராதமும் வரை. வதிவிட அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய ஆள் இந்த விளையாட்டுக்குப் போகக் கூடாது. காப்புறுதிக்கான சுகாதாரக் கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடச் சொல்வதும் இவர்கள்தான். நீரிழிவை மறைத்தால் தேவைப்படும் நாளில் காப்புறுதியே செல்லாமல் போகலாம். உண்மையில், ஆளுக்குக் காப்புறுதித் தொகை 200,000 யூரோவைத் தாண்டாமல், 60ஆவது பிறந்தநாளுக்கு முன் கடன் முடிந்தால், 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கேள்வித்தாளே கேட்கக் கூடாது. பொய் சொல்லத் தேவையில்லாத இடத்திலும் பொய் விற்கிறார்கள்.

வெள்ளவத்தை வகுப்பைப் பொறுத்தவரை, 45,000 ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள். கணவரிடம் இரண்டு தாள்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: வங்கி முன்மொழிவுக்கு முன் கொடுக்கும் ஐரோப்பியத் தகவல் படிவம், தவணை அட்டவணை. அட்டவணையில் ஒவ்வொரு தவணையிலும் வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு, காப்புறுதி எவ்வளவு, மீதி எவ்வளவு என்று நிரல் நிரலாக இருக்கும். தலைப்புகளைப் படித்தாலே சொற்கள் பாதி வந்துவிடும். தினமும் இரவு அரை மணி நேரம் அவருடன் சத்தமாக வாசியுங்கள். சிறிய சொற்கள் வரும் இடமெல்லாம் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அவருக்கே தெரியாத வரிகள் இருந்தால் அதுவும் இப்போதே வெளியில் வரட்டும்.

நொத்தாரிசு முன்னிலையில் கையெழுத்திடும் நாளில் பிரெஞ்சு விளங்குவது போலத் தலையாட்ட வேண்டாம். அவர் உறுதியை வாசிப்பார். விளங்கவில்லை என்றால் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கணவர் அந்த வேலையைச் செய்ய முடியாது, அவரும் ஒரு தரப்பு. இதை அன்று காலையில் சொன்னால் கையெழுத்து தள்ளிப்போகும். எனவே திகதி குறித்ததும் நொத்தாரிசின் அலுவலகத்துக்கு எழுதி, தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று சொல்லி, கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். வழக்கமாக அது உங்கள் தலையில்தான் விழும். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் எந்த வடிவம் வேண்டும், எத்தனை மாதத்துக்குள் எடுத்த பிரதி வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். இங்கே எடுக்க வேண்டிய பிரதிகளையும் அத்தாட்சிகளையும் பயணத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் அப்பா பிறகு பத்தரமுல்லையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.