விழா நாளிலும் வெளியே செல்லும் நாளிலும் மகனை வீட்டில் நிறுத்தலாமா?

கேள்வி: கற்றல் குறைபாடுள்ள என் மகனுக்கு வயது 11. அவன் படிக்கும் சிறப்புப் பள்ளியில் மாதந்தோறும் நூலகம், பூங்கா, கடை என்று எங்காவது அழைத்துச் செல்கிறார்கள். சென்ற முறை கடையில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறான்; எல்லோரும் வேடிக்கை பார்த்தார்களாம். அடுத்து ஆண்டு விழாவும் வருகிறது. இந்த நாள்களில் மட்டும் அவனை வீட்டில் வைத்துக்கொண்டு எழுதப் படிக்கப் பழக்கினால் என்ன?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மகனை நிறுத்திவிடாதீர்கள். ஆனால், எந்த முன்னேற்பாடும் இல்லாமல் மீண்டும் அனுப்பவும் வேண்டாம்.

முதலில் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய பிள்ளைகள் பலருக்கு, ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்தில் பயன்படுத்துவதுதான் பெரிய தடை. வகுப்பறை மேசையில் நாணயங்களைப் பிழையின்றிப் பிரித்து வைக்கும் சிறுவன், பின்னால் வரிசை காத்திருக்க, முன்னால் கடைக்காரர் கையை நீட்ட, எதை எடுத்துக் கொடுப்பதென்று தெரியாமல் திகைத்து நின்றுவிடுவான். அந்தத் திகைப்பு அங்கேயே நின்று பழகினால்தான் நீங்கும். வீட்டில் எத்தனை பக்கம் எழுதினாலும் அது கைகூடாது. 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையும், விளையாட்டு, பொழுதுபோக்கு, பண்பாட்டு நிகழ்வுகள் ஆகியவற்றில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதை 30ஆம் பிரிவில் உரிமையாகவே வைத்திருக்கிறது.

காதைப் பொத்திக்கொண்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்த சத்தம் அவனால் தாங்க முடியாததாக இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல வார்த்தை கிடைக்காதபோது அழுகைதான் அவனுக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆகவே, போகும் இடத்தின் புகைப்படங்களை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி, வண்டியில் ஏறுவது, உள்ளே நுழைவது, பொருளை எடுப்பது, திரும்புவது என்று நடக்கப்போகும் வரிசையிலேயே சில நாள் அவனுக்குக் காட்டுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் நீங்களே ஒருமுறை அழைத்துப்போய், அவன் களைப்படையும் முன்பே திரும்பிவிடுங்கள். அழுதபின் வெளியேறுவதைவிட, நன்றாக இருக்கும்போதே வெளியேறுவது அடுத்த பயணத்தை எளிதாக்கும். ‘போதும்’ என்பதைக் காட்ட ஓர் அட்டையோ கைச்சைகையோ அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். அதை அவன் காட்டிய உடனே, கேள்வி கேட்காமல், அவனை வெளியே அழைத்து வர ஒருவர் அருகில் இருக்கிறாரா என்பதைப் பள்ளியிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படி ஒருவரை ஒதுக்க முடியாவிட்டால் குழுவைச் சிறியதாக்கும்படி கேளுங்கள். தயங்காமல் கேட்கலாம், இது சலுகை அன்று.

வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. “சத்தம் அவனுக்குச் சிரமமாக இருக்கிறது, கொஞ்சம் இடம் விடுங்கள்” என்று ஆசிரியர் அமைதியாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் விலகிவிடுவார்கள். பார்ப்பவர்களுக்காகப் பிள்ளைகளை மறைத்து வைத்தால், இப்படிப்பட்ட பிள்ளைகளும் தம்மோடு வாழ்கிறார்கள் என்பதை அவர்கள் அறிய வேறு வழியே இல்லாமல் போய்விடும்.

ஆண்டு விழாவைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. விருந்தினர்கள் நெகிழ்ந்து கைதட்ட வேண்டும் என்பதற்காக, பிள்ளைகளை வாரக்கணக்கில் ஒரே ஆட்டத்துக்கு ஒத்திகை பார்க்க வைத்து, பளிச்சிடும் விளக்குகளின் முன் நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். விழா அவர்களுடையது, அவர்கள் மகிழ்வதற்கானது. ஒலிபெருக்கியின் ஓசையைக் குறைப்பதும், வெடிக்கும் பலூன்களைத் தவிர்ப்பதும், கைதட்டலுக்குப் பதிலாகக் கைகளை உயர்த்தி அசைக்கச் சொல்வதும், ஓர் அமைதியான அறையைத் திறந்து வைப்பதும் எந்தப் பள்ளிக்கும் கடினமல்ல. உங்கள் மகன் மேடை ஏறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. வாசலில் வருவோருக்கு நிகழ்ச்சி நிரலைக் கொடுப்பது, திரைக் கயிற்றை இழுப்பது, தன் ஓவியத்தின் அருகில் நிற்பது ஆகியவற்றில் எதை விரும்புகிறான் என்று படங்களைக் காட்டி அவனையே கேளுங்கள். அவன் தேர்ந்தெடுத்ததை ஆசிரியரிடம் இந்த வாரமே சொல்லிவிட்டால், விழா நடக்கும் அரங்கிலேயே, கூட்டம் இல்லாதபோது, அவனைச் சிலமுறை பழக்கிவிட முடியும். அன்று அரை மணி நேரத்திலேயே அவன் அட்டையைக் காட்டினாலும் தயங்காமல் வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்.