நோயெதிர்ப்பியல், உறுப்பு மாற்று, ஹார்மோன் சிகிச்சை: மூன்றிலும் ஒருவரே ஆய்வு செய்ய முடியுமா?

கேள்வி: ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளரின் தன்விவரக் குறிப்பில் நோயெதிர்ப்பியல், உறுப்பு மாற்று, ஹார்மோன் சிகிச்சை ஆகிய மூன்றும் இடம்பெற்றிருந்தால் அவரை எதிலும் நிலைக்காதவர் என்று கருத வேண்டுமா? அத்தகைய பாதையை நாமாகத் தேர்ந்தெடுப்பது சரியா?

பதில்:

ஹார்மோன் ஆய்வில் முனைவர் பட்டம் பெற்று, இப்போது உறுப்பு மாற்று நோயெதிர்ப்பியல் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றுபவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை நானும் நேர்முகத் தேர்வுகளில் எதிர்கொண்டிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றும் தனித்தனித் துறைகளாகப் பிரிந்தது பல்கலைக்கழக நிர்வாக வசதிக்காகத்தான். ஆய்வுப் பொருளைப் பொறுத்தவரை இவை தொடக்கம் முதலே பின்னிப் பிணைந்தவை. ஆகவே ஒருவர் மூன்றிலும் பணியாற்றியிருக்கிறார் என்பதை மட்டும் வைத்து அவரை எடைபோட முடியாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எந்தக் கேள்வி அவரை இட்டுச்சென்றது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் சான்று கால்நடைகளிலிருந்து வருகிறது. ஒரு பசு ஈனும் இரட்டைக் கன்றுகளில் ஒன்று காளைக்கன்றாகவும் மற்றொன்று கிடாரியாகவும் இருந்தால், அந்தக் கிடாரி பெரும்பாலும் மலடாகவே வளரும். கருப்பையில் இரு கருக்களின் இரத்த நாளங்களும் இணைந்துவிடுவதால் ஆண் கருவின் ஹார்மோன் பெண் கருவுக்குள் பாய்ந்து அதன் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லில்லி 1916-ஆம் ஆண்டில் விளக்கினார். அவரால் பெயர் சொல்ல முடியாத அந்தப் பொருள் பெருமளவுக்கு, ஆண் கருவின் விதைப்பை சுரக்கும் ஆண்டி-முல்லேரியன் ஹார்மோனே என்பது பிரெஞ்சு ஹார்மோன் ஆய்வாளர் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் போன்றோரின் பிற்கால ஆய்வுகளுக்குப் பிறகுதான் தெளிவாயிற்று. அதுவரை இது முற்றிலும் ஹார்மோன் துறைக்கு உரிய விஷயமாகவே இருந்தது.

1945-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கால்நடைகளின் இரத்த வகைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ரே ஓவன், இரத்த நாளங்கள் இணைந்தால் ஹார்மோன் மட்டுமா கடக்கும், செல்களும் கடக்காதா என்ற கோணத்தில் அதே இரட்டைக் கன்றுகளைப் பார்த்தார். ஒவ்வொரு கன்றின் உடலிலும் இரண்டு வகைச் சிவப்பணுக்கள் கலந்திருந்தன. வளர்ந்த பின்னும் அந்தக் கலப்பு நீடித்தது. உடன்பிறந்த கன்றின் அந்நியச் செல்களை அந்த உடல் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பின்றித் தாங்கிக்கொண்டது என்பதே இதன் பொருள். கருப்பையில் அறிமுகமாகும் பொருளை உடல் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்கிறது என்ற கருத்தை ஆஸ்திரேலிய அறிவியலாளர்களான மேக்ஃபர்லேன் பர்னெட்டும் ஃபிராங்க் ஃபென்னரும் 1949-இல் இதிலிருந்துதான் வளர்த்தெடுத்தார்கள்.

இதனிடையே இங்கிலாந்தில் பீட்டர் மெடவாரும் ரூபர்ட் பில்லிங்ஹாமும் ஒரு நடைமுறைச் சிக்கலுக்குத் தீர்வு தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைக் கன்றுகளையும் தனித்தனிக் கருவிலிருந்து வந்த இரட்டைக் கன்றுகளையும் எப்படிப் பிரித்தறிவது என்பதே அந்தச் சிக்கல். ஒன்றின் தோலை மற்றொன்றில் ஒட்டிப் பார்த்தால், முதல் வகையில் அது நிலைக்கும், இரண்டாவது வகையில் அழுகி உதிர்ந்துவிடும் என்று மெடவார் எதிர்பார்த்தார். ஆனால் தனித்தனிக் கருவிலிருந்தே வந்திருக்கக்கூடிய, காளைக்கன்றும் கிடாரியுமாகப் பிறந்த இரட்டையரிடையேகூட ஒட்டுத்தோல் நிலைத்து நின்றது. ஓவனின் கண்டுபிடிப்பைப் பிற்பாடு படித்தபோதே அவர்களுக்குக் காரணம் விளங்கியது. அதன்பின் லெஸ்லி பிரென்டும் சேர்ந்துகொள்ள, எலிக் கருக்களில் அந்நியச் செல்களைச் செலுத்தி அதே சகிப்பு நிலையைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டி 1953-இல் வெளியிட்டார்கள். பர்னெட்டும் மெடவாரும் 1960-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஹார்மோன் ஆய்வாளர் ஒருவர் விவரித்த மலட்டுக் கிடாரியிலிருந்து உறுப்பு மாற்றின் அடிப்படைக் கொள்கைவரை வந்த இந்தப் பாதையில் துறை எல்லை எங்கே இருக்கிறது என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட இயலாது.

கார்டிசோனின் கதையும் இப்படிப்பட்டதே. முடக்குவாத நோயாளிகளுக்கு இந்த அட்ரீனல் ஹார்மோன் தரும் நிவாரணம் 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தில் தெரியவந்தது. மூன்றே ஆண்டுகளில் மெடவாரும் பில்லிங்ஹாமும் பீட்டர் க்ரோனுடன் சேர்ந்து, கார்டிசோன் கொடுத்த முயல்களில் அந்நியத் தோல் கூடுதல் காலம் நிலைப்பதைக் காட்டினார்கள். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் இன்றும் விழுங்கும் பிரெட்னிசோலோன் இதே குடும்பத்தைச் சேர்ந்த மருந்துதான். அதாவது, ஹார்மோனை மருந்தாகக் கொடுத்து நோயெதிர்ப்பைத் தணித்து மாற்று உறுப்பைக் காப்பாற்றுவது அன்றாட மருத்துவமனை நடைமுறை. அதைப் பின்பற்றும் மருத்துவரிடம் உங்கள் துறை எது என்று யாரும் கேட்பதில்லை என்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

தனி ஒருவரின் வாழ்க்கைப் பணியாகவே பார்க்க விரும்பினால் அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்ஸ்லை எடுத்துக்கொள்ளலாம். முதல் மனிதக் கல்லீரல் மாற்று அறுவையை 1963-இல் டென்வரில் செய்தவர் என்றே அவரைப் பலரும் அறிவார்கள். அந்த அறுவைக்கு உள்ளான குழந்தை அறுவையின்போதே இரத்தப்போக்கால் இறந்துவிட்டது. 1967-இல்தான் நோயாளி ஓராண்டுக்கு மேல் வாழும் நிலை வந்தது. ஆனால் அவரைக் கல்லீரலை நோக்கித் திருப்பியது உறுப்பு மாற்று ஆசை அன்று. கணையத்திலிருந்து வெளிவரும் இன்சுலின் வேறெங்கும் போகாமல் முதலில் கல்லீரலுக்கே செல்வது ஏன் என்ற கேள்வி 1950-களின் இறுதியில் அவரைப் பிடித்துக்கொண்டது. அதை ஆராய்வதற்காகவே நாய்களின் கல்லீரலை முழுவதுமாக அகற்றும் முறையை அவர் உருவாக்கினார். முழுவதுமாக அகற்ற முடிந்தால் அந்த இடத்தில் வேறொன்றைப் பொருத்தவும் முடியும் என்பது அதன் பிறகு வந்த எண்ணம்.

பிற்காலத்தில் அவர் முதல் கேள்விக்கே திரும்பினார். கல்லீரலின் ஒரு பகுதிக்குக் கணையத்திலிருந்து வரும் இரத்தமும் மறு பகுதிக்கு உடலின் பிற பாகங்களிலிருந்து வரும் இரத்தமும் செல்லுமாறு பிரித்துவிட்டபோது, முதல் பகுதி செழித்தது, மற்றது சுருங்கியது. பின்னர், குடலிலிருந்தும் கணையத்திலிருந்தும் கல்லீரலுக்குச் செல்லும் சிரை இரத்தத்தை முழுவதுமாகத் திசைமாற்றிய நாய்களில் அந்தச் சிரையின் ஒரு கிளைக்குள் மட்டும் இன்சுலினைச் செலுத்தியபோது, அந்தப் பக்கத்துச் செல்கள் சுருங்காமல் தப்பின. இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதோடு கல்லீரல் செல்களைப் பேணிக் காக்கும் பணியையும் இன்சுலின் செய்கிறது என்ற புரிதல் இவ்வாறு வலுப்பட்டது.

நோயெதிர்ப்பியலில் அவருடைய பங்கு இரண்டு முறை வெளிப்பட்டது. 1963-இல், நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தான அசதியோபிரினுடன், கார்டிசோன் குடும்பத்து மருந்தான பிரெட்னிசோனை அதிக அளவில் சேர்த்துக் கொடுத்தால் தொடங்கிவிட்ட சிறுநீரக நிராகரிப்பைக்கூடத் திருப்பிவிடலாம் என்று காட்டினார். 1992-இல், பல ஆண்டுகள் வாழ்ந்த நோயாளிகளின் தோலிலும் நிணநீர்க் கணுக்களிலும் கொடையாளரின் வெள்ளணுக்கள் சிறிதளவு கலந்திருப்பதை அவருடைய குழு அறிவித்தது. ஓவனின் கன்றுகளில் கண்ட அதே கலப்பு வளர்ந்த மனிதரிலும் ஓரளவுக்கு நிகழ்கிறது என்பதே இதன் உட்பொருள். அந்தக் கலப்பு, உடல் உறுப்பை ஏற்றுக்கொண்டதற்குக் காரணமா அல்லது ஏற்றுக்கொண்டதன் விளைவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், விளைவு என்பதற்கே சாய்வேன். ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பியதே பெரிய சாதனை.

மூன்றும் ஒரே நோயாளியின் உடலில் சந்திக்கும் இடம் கணையத் திட்டு (கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கூட்டம்) மாற்று சிகிச்சை. முதல் வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கும் செல்களை நோயாளியின் நோயெதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுகிறது. ஊசியில் இன்சுலின் கொடுப்பது ஹார்மோன் சிகிச்சை. அதற்கு மாறாகக் கொடையாளரின் கணையத் திட்டுகளைக் கல்லீரலுக்குச் செல்லும் சிரைக்குள் செலுத்துவது உறுப்பு மாற்று. பழைய தன்னெதிர்ப்பும் புதிய நிராகரிப்பும் சேர்ந்து அவற்றை அழிக்காமல் காப்பது நோயெதிர்ப்பியல். 2000-ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்டனில் ஜேம்ஸ் ஷாப்பிரோவின் குழு 7 நோயாளிகளை இன்சுலின் ஊசியிலிருந்து விடுவித்தது. திட்டுகளைப் பாதிக்கும் ஸ்டீராய்டுகளை (பிரெட்னிசோலோன் போன்ற அட்ரீனல் ஹார்மோன் வகை மருந்துகளை) அவர்கள் அறவே தவிர்த்தது அந்த வெற்றிக்கு முக்கியமான காரணம். நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து ஒரு ஹார்மோன் என்பதையும், அந்த ஹார்மோன் இன்சுலின் செல்களை எப்படி நடத்துகிறது என்பதையும் சேர்த்து அறிந்தவர்களுக்கே அந்த முடிவை எடுக்கும் துணிவு வரும். ஆயினும் ஐந்து ஆண்டுகளில் பெரும்பாலான நோயாளிகள் மீண்டும் ஓரளவு இன்சுலினுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இந்தத் துறையில் செய்ய வேண்டிய வேலை ஏராளம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மூன்று துறைகளையும் சேகரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு துறையின் செய்முறையை மற்றவர் மேற்பார்வை இல்லாமல் செய்யும் அளவுக்குக் கற்பதற்கே சில ஆண்டுகள் பிடிக்கும். அதற்கு முன் மாறுபவர்களிடம் இரண்டு துறைகளின் சொற்கள் மட்டுமே மிஞ்சும். மேலும், எல்லையைக் கடந்தவர்களிடம் வேறொரு ஆபத்தையும் கண்டிருக்கிறேன். எலிகளில் ஒரு ஹார்மோன் நோயெதிர்ப்பைத் தூண்டியதைக் கண்டவுடன், அது மனிதரின் முதுமையையே தள்ளிப்போடும் என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு துறைகளின் அறிஞர்களும் தனித்தனியே கேள்வி கேட்டிருந்தால் அந்தக் கூற்று ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது. ஆகவே ஒருவருடைய தன்விவரத்தைப் படிக்கும்போது, அவருடைய இரண்டாவது, மூன்றாவது துறைக் கட்டுரைகள் அந்தந்தத் துறை இதழ்களில் வெளிவந்தனவா என்று நான் முதலில் பார்ப்பேன்.

நீங்கள் இப்போது நோயெதிர்ப்பியலில் இருப்பவராக இருந்தால், நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள் முதிரும் இடமான, நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியிலிருந்து தொடங்குமாறு சொல்வேன். பிறந்தவுடன் தைமஸ் அகற்றப்பட்ட எலிகள் அந்நியத் தோலை ஏற்றுக்கொள்வதை ஜாக் மில்லர் 1961-இல் காட்டினார்; அவரும் இரத்தப் புற்றுநோய் ஆய்விலிருந்து அங்கே வந்து சேர்ந்தவர்தான். அதற்கு வெகு முன்பே, 1898-இல், விதையடிக்கப்பட்ட முயல்களின் தைமஸ் பெரிதாக இருப்பதை இத்தாலியரான கால்சோலாரி பதிவு செய்திருந்தார். பாலின ஹார்மோன்கள் தைமஸைச் சுருக்குகின்றன என்பது இன்று உறுதியாகிவிட்டது. புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பாலின ஹார்மோன்களை ஒடுக்கும் மருந்தைப் பெற்ற முதியவர்களின் இரத்தத்தில் புதிய டி செல்கள் பெருகுவதையும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு நோயெதிர்ப்பு மண்டலம் மீண்டெழுவதற்கு இதே ஹார்மோன் மருந்துகள் உதவுமா என்பது, உங்கள் துறையை விட்டு விலகாமலேயே நீங்கள் கையிலெடுக்கக்கூடிய கேள்வி. அதற்கு ஹார்மோன் அளவீட்டில் நம்பகமான கூட்டாளி ஒருவரும், மஜ்ஜை மாற்று மையம் ஒன்றில் சேமித்து வைத்திருக்கும் இரத்த மாதிரிகளைப் பயன்படுத்துவதற்கான நெறிமுறைக் குழு ஒப்புதலும் முதலில் தேவைப்படும்.